பந்தும் வோட்டும்

பெயர்தான் கால்பந்து, அமெரிக்கக் கலாசாலைகளில் பந்து பெரும்பாலும் இருப்பதோ கையில்! மிச்சிகன் சர்வகலாசாலையின் மைதானத்தில் லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். மாணவர் பகுதியில் மட்டும் உட்காருவாரைக் காண்பது அரிது. இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளில் நின்றபடியே தொண்டை கம்மக் கத்துகின்றனர். இந்தப் பிள்ளைகளுக்கா தேச விஷயத்தில் அக்கறை பிறக்கும் என்று உபாத்தியாயர்கள் உதட்டைப் பிதுக்குவதுண்டு. நாமும் பிதுக்கியவர்தாம்.

வியட்நாம் யுத்தத்திற்கு அனுப்ப 18 வயது போதும், வோட்டுக்கு மட்டும் 21 ஆகவேண்டுமா? இக்கேள்விக்குப் பெரியவர்களிடம் பதில் இல்லாமற் போகவே, 1971-ல் நாடெங்கும் 18 வயதினருக்கு வோட்டுரிமை கிடைத்தது. ஆனால் தேர்தல் நாளோ செவ்வாய்க்கிழமை. குதிரை வண்டிக் காலமாகிய 1845-ல் குறித்தது. பல கலாசாலைகளில் அன்று வகுப்பும் உண்டு.

2022 நவம்பர்த் தேர்தலன்று, அந்த மிச்சிகன் சர்வகலாசாலை இருக்கும் ஆன் ஆர்பர் நகரில் நடந்ததை நேயர்கள் கேளுங்கள். அன்றைக்கே பெயரைப் பதிந்துகொண்டு வோட்டளிக்க வந்த மாணவர்கள் குளிரில் மணிக்கணக்காக வரிசையில் நின்றனர். சாவடி மூடும் நேரம் இரவு 8 மணி. அதற்குள் வரிசையில் சேர்ந்தவரைத் திருப்பி அனுப்பலாகாது என்பது சட்டம். கடைசி மாணவர் வோட்டளித்தபோது நள்ளிரவு கடந்துவிட்டது.

சனிக்கிழமைதோறும் நின்று பழகிய கால்களல்லவா!