வால் வீசினால் கோளாறு வாலிலா?

அமெரிக்காவில் 5 வயது முதல் பதின்பருவம் வரையுள்ள பிள்ளைகள் ஓட்டும் குட்டிப் பந்தய வண்டிக்கு குவார்ட்டர் மிட்ஜெட் என்று பெயர். தடம் சிறியது, சுற்றி வந்தால் ஏறத்தாழ 80 மீட்டர்தான். ஓவல் என்பதால் எப்போதும் இடப்பக்கமே திருப்பம். நாஸ்கார் கார் பந்தயப் பட்டத்தை நான்கு முறை வென்ற ஜெஃப் கார்டன் கலிபோர்னியாவில் சிறுவனாக முதலில் ஏறியதும் இப்படியொரு வண்டியில்தான். ஓட்டுவது பிள்ளை, ஸ்பேனர் பிடிப்பது பெரும்பாலும் அப்பா. அந்த அப்பாக்களிடம் வழிவழியாக வரும் ஒரு நம்பிக்கையோடுதான் என் சண்டை: எந்தப் பக்கம் வழுக்குகிறதோ, கோளாறும் அந்தப் பக்கம்தான்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. முன்பக்கம் திரும்ப மறுத்து வெளிச்சுவரைப் பார்த்துப் போனால் வண்டி ‘டைட்’. பின்பக்கம் வெளியே வீசினால் ‘லூஸ்’. வளைவை விட்டு வெளியேறும் இடத்தில் மகளின் வண்டி வாலை வீசுகிறது. இறங்கியதும் அவள் ‘லூஸ்’ என்கிறாள். அவளுக்கு அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்தவரும் அப்பாதான். உடனே அவர் இடப் பின்சக்கர ஸ்பிரிங்கின் வளையத்தை ஒரு சுற்று ஏற்றுகிறார். இதனால் இடப் பின்சக்கரமும் அதற்குக் குறுக்கே எதிரிலுள்ள வல முன்சக்கரமும் கூடுதல் எடையைத் தாங்கும். கிராஸ் வெயிட் கூட்டுவது என்பார்கள். வளைவில் பின்சக்கரங்கள் இரண்டும் பாரத்தை ஓரளவு சமமாகப் பகிர்வதால் பின்பிடி கூடுகிறது. முன்னாலோ வல டயர் மட்டும் மிதமிஞ்சிச் சுமக்க, முன்பிடி குறைகிறது. பின்பக்கம் அடங்கியாக வேண்டும், அல்லவா?

அடுத்த ஓட்டத்தில் வால் முன்னைவிட மோசமாக வீசுகிறது. அப்பா இன்னொரு சுற்று ஏற்றுகிறார்.

வளையத்தை விட்டுவிட்டு, வளைவுக்குள் நுழையும்போது அந்தச் சிறுமியின் கைகளைப் பார்த்திருக்க வேண்டும். வண்டி திரும்பவில்லை. அவள் ஸ்டியரிங்கை மேலும் ஒடிக்கிறாள், அப்போதும் திரும்பவில்லை, இன்னும் ஒடிக்கிறாள். முன்சக்கரங்கள் போகிற திசைக்கு ஏறக்குறைய குறுக்கே நின்று தரையைத் தேய்க்கின்றன. டயருக்கு ஒரு வரம்பு உண்டு. ஓரளவு கோணம் வரை திருப்பத் திருப்பப் பிடி கூடும்; அதைத் தாண்டினால் குறையும். இந்தத் தேய்ப்பே வேகத்தைக் குறைக்கிறது. வேகம் குறைந்ததும் முன் டயர்களுக்குத் திடீரென்று பிடி திரும்பி வருகிறது. ஸ்டியரிங் அப்போதும் முழுக்க ஒடித்தபடியே இருக்கிறது. சரியாக அந்த நொடியில் அவள் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறாள். மூக்கு உள்ளே பாய்கிறது, வால் வெளியே பறக்கிறது. கம்பி வேலிக்கு வெளியே நிற்பவர் கண்ணில் படுவது இந்தக் கடைசிக் காட்சி மட்டும்தான்.

ஆக, வெளியேறும்போது ‘லூஸ்’ ஆன இந்த வண்டி நுழையும்போது ‘டைட்’டாக இருந்த வண்டி. அப்பா கொடுத்த மருந்து நோயைத்தான் வளர்த்தது.

“போன மாதம் இதையேதான் செய்தேன், சரியாகிவிட்டதே” என்பார்கள். ஆகியிருக்கலாம். நிஜமாகவே ‘லூஸ்’ ஆன வண்டிகளும் உண்டு. அவற்றுக்கு இந்த வைத்தியம் பலிக்கும். அதனால்தான் நம்பிக்கை சாகாமல் இருக்கிறது. ஆனால் பல சமயம் நடப்பது வேறு. மூன்று முறை சுழன்ற பிள்ளை பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரைத் தாமதமாக மிதிக்கிறது, வால் வீசுவது நிற்கிறது, அப்பா கைதட்டுகிறார். ஸ்டாப்வாட்சைப் பார்ப்பதில்லை. பார்த்தால் ஒவ்வொரு சுற்றும் முன்னைவிட மெதுவாகிவிட்டது தெரியும்.

இன்னொன்றும் எரிச்சலூட்டுகிறது. ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் மாற்றக் காசைக் கொட்டுகிறவர்கள், கருவிப்பெட்டியில் கிடக்கும் அளவு நாடாவை எடுப்பதில்லை. இந்த வண்டியின் பின் அச்சு ஒரே தண்டு. இரண்டு சக்கரமும் சேர்ந்தேதான் சுழலும்; ஆனால் வளைவில் வெளிப்பக்கமுள்ள வலச் சக்கரம் கூடுதல் தூரம் போயாக வேண்டும். அதனால் வலப் பின் டயரை இடதைவிடச் சுற்றளவில் பெரியதாக வைக்கிறார்கள். அந்த வித்தியாசம் ஸ்டாகர். காற்று கொஞ்சம் இறங்கினாலும், தேய்ந்த டயருக்குப் பதில் புதியது மாட்டினாலும் இது மாறிவிடும். ஸ்டாகர் குறைந்தால் வண்டி நேராகப் போகவே அடம்பிடிக்கும். ஆக, முன்பக்கம் வழுக்குவதற்குக் காரணம் பின் டயரில் இருக்கிறது! ஒவ்வொரு சக்கரமும் தாங்கும் எடையைப் பார்க்கும் தராசு விஷயத்திலும் இதே அலட்சியம்தான். பிள்ளையை உட்காரவைக்காமல் வெறும் வண்டியை நிறுத்தி எடை பார்ப்பதில் என்ன பயன்? வளர்கிற பிள்ளை, போன சீசனில் இருந்த எடை இப்போது இருக்காது. இத்தனை இலகுவான வண்டியில் இரண்டு கிலோ கூடினாலே கணக்கு மாறும்.

பிள்ளையிடம் “லூஸா, டைட்டா?” என்று கேட்பதை முதலில் நிறுத்துங்கள். அது தீர்ப்பைக் கேட்பது. நமக்கு வேண்டியது சாட்சி. “வளைவில் ஸ்டியரிங்கை எப்படிப் பிடித்திருந்தாய், காட்டு” என்று சொல்லிப் பாருங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு வார்த்தை வராவிட்டாலும், கை தானாக எழுந்து காற்றிலேயே ஸ்டியரிங்கைத் திருப்பிக் காட்டும். முழங்கை மார்போடு ஒட்டும் அளவுக்கு அந்தக் கை இடப்பக்கம் போகிறதா? அப்படியானால் ஸ்டாகரை அளந்துவிட்டு, ஏற்றிய வளையத்தை ஒரு சுற்று இறக்குங்கள். ஐந்தாறு சுற்று ஓடவிட்டு மறுபடி கையைப் பாருங்கள். கை அவ்வளவாக ஒடிக்காதபோதும், அல்லது வலப்பக்கம் எதிர்த்திருப்பம் கொடுத்துச் சமாளிக்கும்போதும் வால் வீசுகிறதென்றால், அது அசல் ‘லூஸ்’. அப்போது அந்த வளையத்தைத் தாராளமாக ஏற்றலாம்.