அட்டையை எடுத்தால் மறந்துபோகும் இயந்திரம்

டிஇ10-நானோ என்ற பலகை உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. அதன் நடுவே இருக்கும் சைக்ளோன் 5 சில்லில் ஒரு பகுதி இரட்டை ஏஆர்எம் செயலி; மறுபகுதி ஏறத்தாழ 1,10,000 தர்க்க அலகுகள் கொண்ட எஃப்பிஜிஏ, அதாவது வேண்டிய சுற்றாக அமைத்துக்கொள்ளக்கூடிய பகுதி. இந்த இரண்டாம் பகுதி பிறவியிலேயே வெறுமையானது. மின்சாரம் பாய்ந்ததும் எஸ்டி கார்டிலிருந்து ஒரு பிட் கோப்பு அதற்குள் இறங்கும். அதன் பிறகே அது மில்லிங் மெஷினின் மோட்டார்களுக்குத் துடிப்பு அனுப்பவும், மோட்டாரின் நிலையைச் சொல்லும் என்கோடரின் துடிப்புகளை எண்ணவும், திரையில் படம் வரையவும் அறிந்ததாகிறது. மின்சாரம் நின்றால் அத்தனையும் மறந்துபோகும். மறுநாள் காலையில் மறுபடியும் முதலிலிருந்து கற்றாக வேண்டும். இந்த மறதியை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது கணினி அல்ல, தறி.

பிரான்சின் லியோன் நகரில் 1804ஆம் ஆண்டுவாக்கில் ஜோசப் மரி ஜக்கார்டு உருவாக்கிய தறியும் அட்டை ஏறும்வரை எதையும் அறியாது. அதற்கு முன்பு பூவேலைப்பாட்டுத் துணி நெய்யும்போது எந்த இழை எப்போது உயர வேண்டும் என்பதை நெசவாளியின் அருகே நின்று நூல்களை இழுத்துவிடும் உதவியாளின் கை அறிந்திருந்தது. துளையிட்ட அட்டை அந்த அறிவை வாங்கிக்கொண்டது, கை வேலையிழந்தது. காஞ்சிபுரத்துத் தறிகளின் தலைமேல் அமர்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. அன்றிலிருந்து மீண்டும் மீண்டும் எழும் கேள்வி ஒன்றுதான்: கையிலிருந்து இறங்கி அட்டைக்குள் போன அறிவு, பிறகு யாருடையது?

அந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழுந்தது 20ஆம் நூற்றாண்டின் நடுவில், அமெரிக்காவில். மிச்சிகன் மாநிலத்தின் டிராவர்ஸ் சிட்டியில் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துவந்த ஜான் பார்சன்ஸ், இறக்கையின் வளைவைப் புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டு, அந்த எண்களை ஒருவர் உரக்கப் படிக்க, இருவர் ஆளுக்கொரு கைப்பிடியைத் திருப்பி வெட்டும் முறையைக் கொண்டுவந்தார். படிக்கும் குரலுக்குப் பதில் அட்டை, திருப்பும் கைகளுக்குப் பதில் மோட்டார் என்று அவர் கண்ட கனவை, விமானப்படையின் பணத்தில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் சர்வோ ஆய்வகம் 1952இல் நனவாக்கிக் காட்டியது. வெற்றிடக் குழாய்கள் எரிந்த அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டி, துளையிட்ட காகித நாடாவைப் படித்து மில்லிங் மெஷினை ஓட்டியது. அதே காலத்தில் இன்னொரு வழியும் இருந்தது. தேர்ந்த தொழிலாளி ஒருமுறை தன் கையால் வெட்டிக் காட்ட, அந்த அசைவுகளைக் காந்த நாடாவில் பதிந்து மெஷின் திரும்பச் செய்யும் முறை அது. அதில் அறிவின் ஊற்று பட்டறையிலேயே இருந்தது. அந்த வழி கைவிடப்பட்டதற்குத் தொழில்நுட்பம் மட்டும் காரணமல்ல, பட்டறைத் தளத்தின் அதிகாரத்தை அலுவலக அறைக்கு மாற்றும் விருப்பமும் காரணம் என்று வரலாற்றாசிரியர் டேவிட் நோபிள் 1984இல் வெளியான தம் நூலில் வாதிட்டார். முழுவதும் ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. ஆனால் அதன்பின் பல பத்தாண்டுகள், கட்டுப்பாட்டுப் பெட்டி பூட்டிய பெட்டியாகவே விற்கப்பட்டது என்பதை எவரும் மறுக்க முடியாது.

பூட்டு திறந்த கதையிலும் அதே மிச்சிகன் வருவது எனக்கு வியப்பு. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 1990களில் எழுதிய ஈஎம்சி என்ற மெஷின் கட்டுப்பாட்டு மென்பொருள், அங்கே பான்டியாக்கில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் சோதிக்கப்பட்டது. அரசு ஊழியர் எழுதியதற்கு அந்நாட்டில் பதிப்புரிமை கிடையாது என்பதால் அது பொதுச்சொத்தாயிற்று. தன்னார்வலர் கைகளில் வளர்ந்து இன்று லினக்ஸ்சிஎன்சி என்ற பெயரில் இருக்கிறது. 2014வாக்கில் அதிலிருந்து மெஷின்கிட் என்ற திட்டம் கிளைத்தது. தொடக்கத்தில் தன்னார்வலர் பலரும் பழைய கணினியின் பிரிண்டர் போர்ட் வழியாகவே மோட்டாருக்குத் துடிப்பு அனுப்பினார்கள். செயலி சில பத்து மைக்ரோநொடி தாமதித்தாலும் துடிப்பின் சீர் குலையும், மோட்டார் உறுமும். அந்த வேலையை எஃப்பிஜிஏவிடம் ஒப்படைத்தபோது நேரம் நானோநொடிக் கணக்கில் ஒழுங்கானது. மீசா எலக்ட்ரானிக்ஸ் இதற்காக எழுதிய ஹோஸ்ட்மோட்2 என்ற வடிவமைப்பின் மூலமும் திறந்தே கிடைக்கிறது. அதில் ஒரு நுட்பம் என் மனத்தைத் தொடுவது: எத்தனை துடிப்பாக்கிகள், எத்தனை என்கோடர்கள், எந்தப் பின்னில் எது என்ற விவரத்தை அந்த வடிவமைப்பு தனக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறது. டிரைவர் முதலில் அதைப் படித்த பிறகே வேலையைத் தொடங்கும். தன்னைப் பற்றித் தானே சொல்லும் அட்டை ஜக்கார்டுக்கும் கிடைக்கவில்லை, பார்சன்ஸுக்கும் கிடைக்கவில்லை.

மெஷின்கிட்காரர்கள் ஹோஸ்ட்மோட்2வை டிஇ10-நானோவுக்குக் கொண்டுவந்தபோது திரையும் சேர்ந்துகொண்டது. இந்தச் சில்லில் வரைகலைச் செயலி கிடையாது. ஆகவே நினைவகத்திலிருந்து புள்ளிகளை எடுத்து எச்டிஎம்ஐ வழியே அனுப்பும் ஃபிரேம்பஃபர் சுற்றையும் எஃப்பிஜிஏவுக்குள்ளேயே கட்ட வேண்டும். 1024க்கு 768 அளவுள்ள படத்தை நொடிக்கு 60 முறை வரைய, நொடிக்கு ஏறக்குறைய 4.7 கோடி புள்ளிகள். மோட்டாரின் துடிப்பும் திரையின் ஒளியும் ஒரே சில்லுக்குள் அக்கம்பக்கமாக ஓடுகின்றன. இதை அமைப்பவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் ஒன்றுண்டு. திரையுள்ள பிட் கோப்பும் திரையில்லாத பிட் கோப்பும் வேறு வேறு. எதை ஏற்றினாலும், உள்ளே என்னென்ன சுற்றுகள் உள்ளன என்று லினக்ஸ் இயங்குதளத்துக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ கோப்பையும் அதற்கு இணையாக மாற்ற வேண்டும். சுற்று இருந்தும் லினக்ஸுக்குச் சொல்லாவிட்டால் திரை இருண்டே கிடக்கும். இல்லாத சுற்றை இருப்பதாகச் சொன்னால் கணினியே உறைந்துபோகலாம். 1952இன் மெஷின் முன் நின்றவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வழியில்லை. நாடா ஓடும், வெட்டு விழும், அவ்வளவே. இன்று அந்த இடத்தில் நிற்பவர் தன் மெஷின் இப்போது எங்கே இருக்கிறது, அடுத்து எங்கே போகும் என்பதைக் கண்ணெதிரே பார்க்கிறார். வேண்டுமானால் அதன் அட்டையைத் தானே திருத்தி எழுதுகிறார். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகக் கையைவிட்டு விலகிக்கொண்டே போன ஒன்று, அதை இயக்குபவரின் பக்கமாக ஓரடி திரும்பி வந்திருக்கிறது.

திரும்பி வந்தது நிலைக்குமா என்ற கவலையும் எனக்கு உண்டு. பிட் கோப்பு மட்டும் மிஞ்சி, அதைப் பிறப்பித்த மூலம் தொலைந்துபோனால் அது மறுபடியும் பூட்டிய பெட்டிதான். எந்தப் பின் எந்த மோட்டாருக்கு என்று எழுதியவர் ஊர் மாறிப்போனால், அவர் விட்டுச் சென்ற பலகை வெறும் பலகை. ஆகவே இந்த வேலையில் இறங்கியிருக்கும் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எஸ்டி கார்டில் பிட் கோப்பை வைக்கும்போது, அதன் மூலத்தையும், பின் அட்டவணையையும், அதற்குப் பொருந்திய டிவைஸ் ட்ரீயையும், எந்தப் பதிப்புக் கருவியால் கட்டினீர்கள் என்ற ஒரு வரியையும் அதே கார்டில் சேர்த்து வையுங்கள். உங்களுக்குப் பின் அந்த மெஷினின் முன் நிற்கப்போகிறவருக்கு அது வேண்டியிருக்கும்.