கைவினை என்னும் மயக்கம்: லண்டன் மதுச்சாலைகளை முன்வைத்து

சொற்களுக்கும் வர்க்கச் சார்பு உண்டு. நேற்றுவரை இகழ்ச்சிக்குரியதாக இருந்த சொல், சந்தையின் தேவை மாறியதும் புகழ்ச்சிக்குரியதாகிவிடும். ‘கைவினை’ அத்தகைய சொற்களுள் ஒன்று. இயந்திரம் வந்தபோது கைவினைஞனைத் தெருவில் விட்ட அதே முதலாளித்துவம், இன்று அவனுடைய பெயரைப் போத்தலின் மேல் ஒட்டி, இயந்திரப் பண்டத்திலும் கூடிய விலைக்கு விற்கின்றது. லண்டன் மாநகரின் கைவினை பியர்ச் சாலைகளும் கலவைமதுக் கூடங்களும் இதற்குத் தக்க சான்றுகளாகும். அவற்றை ஏகபோகத்துக்கு எதிரான மக்களின் வெற்றி எனக் கொண்டாடுவோர் பலர். அவ்வெற்றி எத்தகையது, யாருடையது என்பது ஆராயப்படல் வேண்டும்.

எதிர்ப்பு எழுந்ததற்கு நியாயமான காரணம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. 1970களின் தொடக்கத்தில் ஆறு பெருங்கம்பனிகள் பிரித்தானியாவின் பியர் உற்பத்தியிற் பெரும்பகுதியையும் பல்லாயிரம் மதுச்சாலைகளையும் தம் பிடிக்குள் வைத்திருந்தன. பீப்பாவினுள்ளே நொதித்தல் தொடரும் பழைய ‘ஏல்’ வகைக்குப் பதிலாக, வடிகட்டி, வெப்பமேற்றிப் பதப்படுத்தி, காபனீரொட்சைட்டுச் செலுத்திய ஒரே சீரான பானத்தை அவை நாடெங்கும் பரப்பின. இதனை எதிர்த்து 1971இல் ‘கம்ரா’ என்னும் நுகர்வோர் இயக்கம் தோன்றியது. 2002இல் அரசும் சிறு உற்பத்தியாளருக்குத் தீர்வைச் சலுகை வழங்கியது. ஆண்டுக்கு 5,000 ஹெக்ரோலீற்றருக்கு மேற்படாது உற்பத்தி செய்வோர் பாதித் தீர்வையே செலுத்தினர். 2009இல் ‘கேர்னல்’ என்னும் சிறு ஆலை தொடங்கப்பட்டது. தேம்ஸ் நதிக்குத் தெற்கேயுள்ள பேர்மொண்ட்சியில், புகையிரதப் பாலத்தின் வளைவுகளின் கீழே ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருகின. வார இறுதிகளில் வளைவுக்கு வளைவு சென்று சுவைபார்க்கும் கூட்டம் அவ்விடத்துக்குப் ‘பியர் மைல்’ என்ற பெயரையே தேடிக் கொடுத்தது.

ஆயின், இவ்வெழுச்சியின் பிற்பகுதி வேறொரு கதையைக் கூறுகின்றது. 2010இல் தொடங்கிய ‘கம்டன் ரவுண்’ ஆலை, 2015இன் முற்பகுதியிற் பொதுமக்களுக்குச் சிறு பங்குகளை விற்று முதல் திரட்டியது. அதே ஆண்டு டிசெம்பரில், உலகின் மிகப் பெரிய பியர்க் கம்பனியாகிய ‘அன்ஹைசர் புஷ் இன்பெவ்’ அதனை வாங்கிக்கொண்டது. ‘லண்டன் ஃபீல்ட்ஸ்’ 2017இல் கார்ல்ஸ்பேர்க்கின் கைக்குச் சென்றது. ‘பீவர்ரவுண்’ 2018இல் ஹெய்னெக்கனுக்குப் பங்கு விற்று, 2022இல் முழுமையாக அதன் உடைமையாயிற்று. கிரீனிச்சின் நேரத்தையே தன் பெயரிற் பொறித்திருந்த ‘மீன்ரைம்’ 2015இல் ‘சப்மில்லர்’ கம்பனிக்கும், மறு ஆண்டு ஜப்பானிய ‘அசாஹி’க்கும் கைமாறியது. 2024இல் கிரீனிச் ஆலையை மூடி, உற்பத்தியை நகரின் மேற்கேயுள்ள சிஸ்விக்குக்கு மாற்றும் முடிவு வந்தது. ஊர் போயிற்று, ஊரின் பெயர் மட்டும் போத்தலில் எஞ்சியது.

கலவைமதுக் கூடங்களின் நிலையும் இதனின் வேறன்று. செப்பு வடிகலத்திற் சிறு அளவாக ஜின் வடிப்பதை லண்டனில் மீட்டெடுத்ததாகப் போற்றப்படும் ‘சிப்ஸ்மித்’ 2009இல் தோன்றியது. 2016இல் ‘பீம் சன்ரோரி’யிடம் விலைபோயிற்று. கோப்பியும் வொட்காவும் கலந்த ‘எஸ்பிரெசோ மார்ட்டினி’யை 1980களில் சோஹோப் பகுதியில் உருவாக்கியவர் டிக் பிராட்செல் என்னும் மதுக்கூடத் தொழிலாளி. இன்று அப்பானத்தைப் பெருங்கம்பனிகள் தகரத்தில் அடைத்து விற்கின்றன. கை ஒருவருடையது, வினையின் பயன் மற்றொருவருடையது.

இவற்றுக்கெல்லாம் கூரையாக நின்ற வளைவுகளின் கதி இன்னும் கவனத்துக்குரியது. அவை பொதுவுடைமையாகிய புகையிரத நிறுவனத்துக்குச் சொந்தமானவை. இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக ஏறத்தாழ 5,200 புகையிரத உடைமைகளின் நீண்டகாலக் குத்தகையுரிமை, 2019இல் 1.46 பில்லியன் பவுணுக்கு ‘பிளாக்ஸ்ரோன்’, ‘ரெலிரியல் ரிலியம்’ ஆகிய தனியார் முதலீட்டாளரிடம் கையளிக்கப்பட்டது. ஈரமும் இருளும் நிறைந்த வளைவுகளைச் சிறு உற்பத்தியாளர் தம் உழைப்பினால் பெயர்பெறச் செய்தனர். அப்பெயரினால் உயரும் நிலவாடகையோ உழைக்காதவனின் பைக்குள் விழுகின்றது. அரசு விட்டுக்கொடுத்த தீர்வை பொதுமக்களின் பணம். அதன் நிழலில் வளர்ந்த ஆலைகள் விற்கப்பட்டபோது கிடைத்த இலாபமோ தனியாருடையது.

“உடைமை யாருடையதாயின் என்ன? சுவை வளர்ந்துள்ளது, தெரிவு பெருகியுள்ளது” என்பர் சிலர். சுவை வளர்ந்தது மெய்யே. பழைய லண்டனின் போட்டர், ஸ்ரவுட் வகைகளைக் கேர்னல் போன்ற ஆலைகள் மீட்டுத் தந்ததும், அது பெருங்கம்பனிக்கு விலைபோகாது நிற்பதும் பாராட்டுக்குரியன. ஆனால் ஒருவரது மனவுறுதியில் மட்டும் தங்கியிருக்கும் சுதந்திரம் அவருடனேயே முடிந்துவிடலாம். இருபது குழாய்களுள் பலவற்றின் பின்னால் ஒரே கம்பனியின் கணக்கேடு இருக்குமாயின், அதனைத் தெரிவு என்பது பொருந்தாது. ஏகபோகம் தன் எதிரியை வெல்ல வேண்டியதில்லை, வாங்கினாற் போதும். சுவையில் மட்டும் கலகஞ் செய்து உடைமையைத் தொடாது விட்ட இயக்கம் விலைக்கு வாங்கப்படுவதில் வியப்பில்லை.

இவ்வுண்மை ஈழத்துக்கும் அந்நியமானதன்று. வடபுலத்துப் பனையில் ஏறி, பாளையைச் சீவி, கள் இறக்கும் சீவற்றொழிலாளியின் வினை கைவினையன்றி வேறென்ன? பாளையின் பருவமும் கத்தியின் கூர்மையும் கயிற்றின் பிடியும் தலைமுறை தலைமுறையாகக் கற்ற கல்வியல்லவா? எனினும் அத்தொழிலைச் சாதியின் பெயரால் இழித்தது இச்சமூகம். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலில் நின்று உரிமை கேட்க வேண்டியிருந்த மக்களுள் அத்தொழிலாளரும் அடங்குவர். கொழும்பின் மதுக்கூடங்களிற் சாராயம் கலவைமதுவாக மெருகேறும் காலம் இது. நாளை பனஞ்சாராயமும் அங்கே ‘கைவினை’ என்ற பட்டத்துடன் பரிமாறப்படலாம். அன்று போத்தலுக்குக் கிடைக்கும் மதிப்பில் பனையேறியவனுக்குக் கிடைக்கும் பங்கு எவ்வளவு? போத்தலை வியந்து ஏந்தும் கை, அவனுக்குச் சமமாக ஓர் இருக்கை தருமா?

கைவினை என்பது சுவையைக் குறிக்கும் அடைமொழியன்று. அது ஓர் உற்பத்தி உறவு. கருவி, இடம், பெயர், இலாபம் என்னும் நான்கும் உழைப்பவரின் கூட்டுடைமையாகும்போதே அச்சொல் பொருள் பெறும். தொழிலாளர் கூட்டுறவும், பொதுநிலத்தைப் பொதுநிலமாகவே காக்கும் சட்டமும், தொழிலை இழிவெனக் கருதாத சமூகமும் இன்றிப் பேசப்படும் கைவினை வெறும் விளம்பரமே. குவளையில் உள்ளது என்ன என்று கேட்பது நுகர்வோனின் உரிமை. அது யாருடைய கையிலிருந்து வந்து யாருடைய கைக்குப் போகின்றது என்று கேட்பது கற்றவர் ஒவ்வொருவரினதும் கடமை.