விருப்பமா, தலைக்கணக்கா?

நாட்டை விட்டுப் போவதானால் எந்த நாட்டுக்குப் போவது? இறக்குவானைத் தோட்டப்புறங்களில் இளைஞர் நால்வர் கூடுமிடமெல்லாம் இன்று இதுவே பேச்சு. கட்டாரா, குவைத்தா, மலேசியாவா, ருமேனியாவா என்று ஏஜன்சிக்காரரிடம் விலை விசாரிக்கின்றனர். 2022ஆம் ஆண்டில் நாடு கடனில் மூழ்கித் தத்தளித்தபோது, வெளிநாட்டு வேலைக்கென்று பதிந்து வெளியேறியோர் தொகை 3 லட்சத்தைத் தாண்டிற்று. தேயிலை மலையிலும் இறப்பர் மரத்தடியிலும் வளர்ந்த பிள்ளைகளும் அக்கூட்டத்தில் இருந்தனர். போகிறவரை நாம் குறை கூறோம். பசித்தவனுக்குத் தேசபக்தி போதிக்கும் துணிவு உண்டவனுக்கே வரும்.

நாம் இங்கே எடுத்துக்கொள்வது வேறு விஷயம். இதே கேள்வியை ஒரு காலத்தில் இரண்டு அரசாங்கங்கள் எம் முன்னோரிடம் அச்சடித்த படிவத்தில் கேட்டன. பட்டியலில் இரண்டே நாடுகள்: ஒன்று இந்தியா, மற்றது இலங்கை. அன்று அவர்கள் இட்ட கைநாட்டைக் காட்டி இன்றும் எம்மை வாயடைக்கப் பார்க்கும் கூட்டம் ஒன்று உண்டு. “உங்கள் ஆட்கள் தாமாக விரும்பியன்றோ இந்தியாவுக்குப் போனார்கள்? யார் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார்கள்?” என்று அக்கூட்டம் கேட்கிறது. கொழும்பில் மட்டுமன்று, யாழ்ப்பாணத்திலும் இதனைப் படித்தவர் வாயாற் கேட்டிருக்கிறோம். அறியாமையாற் சொல்கிறார்களாயின் திருத்தலாம். அறிந்தே சொல்கிறார்களாயின் அது புரட்டு. இரு சாராருக்கும் சேர்த்தே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

முதலிற் சட்டத்தைப் பார்ப்போம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி இலங்கையிற் பிறந்த ஒருவன் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமானால், அவன் தகப்பன் இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும். அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். சட்டத்தின் வாசகத்தில் ‘தமிழன்’ என்ற சொல்லே இல்லை. எவ்வளவு நேர்த்தியான கைவேலை! வாசகரே, சற்று உம்மையே அச்சட்டத்தின் முன் நிறுத்திப் பாரும். உம்முடைய பூட்டனாரின் பிறப்புச் சாட்சிப் பத்திரம் உம்மிடம் இருக்கிறதா? பருத்தித்துறையில் தோட்டம் செய்பவரிடமும் இராது. காலியில் கறுவா உரிப்பவரிடமும் இராது. ஆனால் அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. லயத்துக்காரனிடம் மட்டுமே கேட்டார்கள்.

மறு ஆண்டில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று வாக்குரிமையைப் பிரஜைக்கு மட்டுமென்று ஒதுக்கிற்று. மற்றது, 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம். 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன், விவாகமானவன் 7 வருடமும் தனியாள் 10 வருடமும் இடையறாது இங்கே வதிந்ததாக நிரூபிக்கவேண்டும். மனைவி மக்களும் கூடவே இருந்திருக்க வேண்டும். இரண்டு வருடத் தவணைக்குள் ஏறத்தாழ 2 லட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள் குவிந்தன. அவற்றுள் அடங்கிய உயிர்கள் 8 லட்சத்துக்கு மேல். முடிவிற் பிரஜாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம். இந்தியாவே எம் நாடு என்று எண்ணியிருந்தவர்கள் இத்தனை லட்சமாய் வந்து இலங்கைப் பிரஜாவுரிமைக்குக் கைநீட்டுவார்களா? கேட்பாரின்றிக் கிடக்கும் முதற்சாட்சி இதுவே.

நீதிமன்றத்தின் கதவைத் தட்டவில்லையா என்பீர்கள். தட்டினோம், அதுவும் எமது சப்பிரகமுவா மாகாணத்திலிருந்தே தட்டினோம். கேகாலை மாவட்டத்து ருவான்வெல்லைத் தொகுதி வாக்காளர் இடாப்பிற் பெயர் சேர்க்கக் கோரியவர் கோடக்கன் பிள்ளை. இடாப்பைத் திருத்தும் அதிகாரியான சிவஞானசுந்தரம் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். எந்தச் சமூகத்தவர்க்கும் பிறர்க்கில்லாத இடையூறு விளைக்கும் சட்டம் செல்லாது என்று சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு கூறுவதை அவர் எடுத்துக்காட்டினார். ஓர் இடாப்பு அதிகாரிக்குத் தென்பட்ட உண்மை 1951இல் உயர்நீதிமன்றத்துக்குத் தென்படவில்லை; 1953இல் இலண்டன் பிரிவிக் கவுன்சிலுக்கும் தென்படவில்லை. தன் பிரஜைகள் யாவர் என வரையறுப்பது ஒரு நாட்டின் இயல்பான அதிகாரம் என்று கூறி மேன்முறையீட்டைத் தள்ளினார்கள். சட்டம் படித்தவன் என்ற முறையில் அத்தீர்ப்பைப் பலமுறை வாசித்திருக்கிறேன். தர்க்கத்தில் ஓட்டை காண்பது எளிதன்று. நியாயத்தைத்தான் அதில் எங்கும் காணவில்லை.

பங்கு முதல், குவியல் பிறகு

1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ அம்மையாரும் லால்பகதூர் சாஸ்திரியாரும் புதுடில்லியில் ஒப்பந்தம் செய்தனர். நாடற்றவர் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்கு. அதில் இந்தியாவுக்கு 5 லட்சத்து 25 ஆயிரம். இலங்கைக்கு 3 லட்சம். எஞ்சிய 1 லட்சத்து 50 ஆயிரம் பேரின் கதி பின்னர் தீரும். அது 1974இற் சரிபாதியாகப் பங்கிடப்பட்டது. தவணை 15 வருடம்.

களத்திற் சூடடித்து நெல் அளக்கும் கமக்காரன் முதலிற் குவியலை அளப்பான். பின்பே பங்கு பிரிப்பான். இரண்டு அரசாங்கங்களோ பங்கை முதலிற் பிரித்துவிட்டுக் குவியலைப் பின்னர் தேடின. எவர் எந்த நாட்டை விரும்புகிறார் என்று கேட்குமுன்பே எத்தனை தலை எந்தக் கரைக்கு என்று முடிவாகிவிட்டது. படிவம் வந்ததோ 1968இல். 1970இல் தவணை முடிந்தபோது இலங்கைப் பிரஜாவுரிமை கோரியோர் ஒதுக்கப்பட்ட 3 லட்சத்தின் இருமடங்கையும் கடந்திருந்தனர். இந்தியாவைக் கோரியோர் 5 லட்சத்து 25 ஆயிரத்தை எட்டவேயில்லை. ‘விரும்பிப் போனவர்’ என்று கதைப்போர் இவ்விரு தொகைகளையும் பக்கத்துப் பக்கமாக எழுதிப் பார்ப்பார்களாக.

மக்களின் விடை பங்கீட்டோடு பொருந்தவில்லை. பங்கீட்டைத் திருத்தினார்களா? மக்களைத் திருத்தினார்கள். ஏழு பேர் இந்தியாவுக்கு என்றால் நால்வருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்பது விகிதம். ஏழு பேரும் இந்தியப் பிரஜைகளாகப் பதிவானாற் போதும் என்று 1967ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது. 1971இல் அதை மாற்றி, அவர்கள் நாட்டை விட்டு உடலோடு வெளியேறியிருக்க வேண்டும் என்றார்கள். இதன் பொருள் என்ன? பக்கத்து லயத்தில் ஏழு பேர் கப்பலேறினாலன்றி இந்த லயத்தில் நால்வருக்கு நாடு கிடையாது. தம்பி பிரஜையாக வேண்டுமானால் அண்ணன் அகதியாக வேண்டும்!

அச்சுறுத்திப் பெற்ற ஒப்பம் செல்லாது என்பது ஒப்பந்தச் சட்டத்தின் அரிச்சுவடி. அந்தப் பத்துப் பதினைந்து வருடங்களில் அச்சம் எத்தனை உருவில் வந்தது என்று எண்ணிப் பாருங்கள். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் என்று தோட்டங்கள் கைமாறின. பல இடங்களில் தொழிலாளர் வெளியே தள்ளப்பட்டனர். 1973–74இல் தோட்டங்களிற் பட்டினிச் சாவு. 1977 ஆகஸ்டில் அடி. 1981 ஆகஸ்டில் எமது இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களில் நெருப்பு. சிங்களக் கிராமங்களுக்கு இடையிற் சிதறிக் கிடக்கும் சிறு தோட்டங்கள் எங்களுடையவை. நுவரெலியாவிற்போல மலைக்கு மலை தமிழர் இல்லை. கூப்பிட்டாற் கேட்கும் தூரத்திற் கைகொடுப்பாரும் இல்லை. எரிந்த லயத்துக்கு வெளியே பிள்ளையைத் தோளிற் போட்டு நின்றவன் இந்தியப் படிவத்திற் கைநாட்டு வைத்தான். அதன் பெயர் விருப்பமாம்!

அன்று வேறு சிலர் இரண்டு நாடுகளையும் தெரியாமல் வவுனியாவுக்குப் போனார்கள். ‘கென்ட்’, ‘டொலர்’ பண்ணைகளிற் காடு வெட்டிக் குடியேறியவர்களை 1984இல் அரசாங்கம் விரட்டிவிட்டுச் சிறைக்கைதிகளை அங்கே குடியேற்றிற்று. அது அரசாங்கம் செய்த கொடுமை. ஆனால் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் எஞ்சியவர்களை நம்மவர் எப்படி நடத்தினார்கள்? எத்தனை குடும்பங்களுக்குக் காணி உறுதி கிடைத்தது, எத்தனை குடும்பங்கள் பிறர் வயலிற் கூலியாகவே தேய்ந்தன என்பதை இப்பத்திரிகையின் வாசகர்கள் எமக்குச் சொல்ல வேண்டியதில்லை. தம் மனச்சாட்சிக்குச் சொன்னாற் போதும். 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டைச் சிதைத்தபின், “வடக்கே வாருங்கள்” என்ற அழைப்புகள் எழுந்தன. அழைப்புக்கு நன்றி. உறுதி எழுதிக் கையில் தந்து அழைத்தால் இன்னும் நன்றி.

அங்கே போனவர் கதை

தலைமன்னார்த் துறைக்குப் போன புகையிரதத்துக்கு மலையகத்தார் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. விரும்பிப் பயணம் போகிறவர்கள் ஏறும் வண்டிக்கு எவரும் இப்பெயர் இடார். 1984இற் கப்பற் சேவை நிற்கும்வரை நான்கு லட்சத்துக்கு மேற்பட்டோர் கடல் கடந்தனர். மண்டபம் முகாமில் இறங்கியவர்களிற் சிலருக்கு வியாபாரக் கடன் 5,000 ரூபாய். வியாபாரம் செய்தறியாத கொழுந்தெடுக்கும் கைக்குக் கடன் எதற்கு உதவும்? சிலர் நீலகிரியில் அரசின் ‘டான்டீ’ தேயிலைத் தோட்டங்களுக்கும், சிலர் கன்னியாகுமரி, புனலூர், சுள்ளியா இறப்பர்க் காடுகளுக்கும் அனுப்பப்பட்டனர். இங்கே ‘இந்தியாக்காரன்’, ‘கள்ளத்தோணி’ என்றவர்களுக்கு அங்கே ‘சிலோன்காரன்’ என்று பெயர்.

ஒரு செய்தியை மட்டும் வாசகர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். டான்டீ நிலங்களில் ஒரு பகுதியை வனத்துறையிடமே திருப்பிக் கொடுப்பதென்று 2022இல் தமிழ்நாட்டு அரசு தீர்மானித்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் தாம் வாழ்ந்த தோட்ட வீட்டை விட்டு எங்கே போவது என்று கேட்டுப் போராடவேண்டி வந்தது. ஐம்பது வருடத்துக்குப் பின்பும் வீடு தோட்டத்தினுடையது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. இறக்குவானை லயத்தின் விதி கடல் கடந்து கூடலூர் வரைக்கும் கூடவே போயிருக்கிறது. நாடு மாறிற்று, லயம் மாறவில்லை.

இதைவிடக் கொடுமை 1983க்குப் பின் போனவர்களுடையது. அண்ணன் 1979இற் கப்பலேறினான். அவன் இந்தியப் பிரஜை. அதே தாய் வயிற்றுத் தம்பி கலவரத்துக்குப் பின் படகிலேறினான். அவன் ‘சட்டவிரோதமாகக் குடியேறியவன்’. முகாமிற் பிறந்த அவன் பேரப்பிள்ளைக்கும் அதே பட்டம். 2019இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை இத்தகையோரின் கோரிக்கையை அனுதாபத்தோடு பரிசீலிக்குமாறு பணித்தது. அவ்வாண்டே இந்தியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய குடியுரிமைத் திருத்தச் சட்டமோ பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் என்ற மூன்று நாடுகளோடு நின்றுவிட்டது. 1964இல் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை ஏற்பதாகக் கையொப்பமிட்ட நாடு, தானாக வந்து நிற்பவனைப் பார்த்து ‘நீ யார்’ என்கிறது.

“அதெல்லாம் பழங்கதை, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எல்லாருக்கும் இலங்கைப் பிரஜாவுரிமை கொடுத்துவிட்டதே” என்பர் சிலர். கொடுத்தது, மறுக்கவில்லை. 1964 அக்டோபர் 30 முதல் இங்கே வதிந்தோர்க்கும் அவர் சந்ததிக்கும் என்று அச்சட்டம் எழுதப்பட்டது. எந்த நாளில் எம்மைப் பங்கு போட்டார்களோ அந்த நாளையே அளவுகோலாக எடுத்திருக்கிறார்கள். ஆனால் பிரஜையான பிறகும் நடந்ததென்ன? பிரதேச சபை தோட்டத்து ஒழுங்கைக்கு ஒரு வண்டி கல் கொட்டவும் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாய் நின்றது. அதைத் திருத்த 2018 வரை சென்றது. வரவேண்டிய கடிதம் இன்றும் பல இடங்களில் தோட்டக் கந்தோருக்கே வருகிறது. காணி அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, லயம் வேலையோடு ஒட்டியது. ஐந்து தலைமுறை படுத்தெழுந்த பத்தடி அறைக்கு ஒரு துண்டு உறுதி கிடையாது. தோம்பு தொட்டுக் காணி வரலாறு சொல்லும் யாழ்ப்பாணத்துக் கமக்காரருக்கு இதன் பொருளை நாம் விளக்க வேண்டுமா?

ஆகவே இளைஞரிடம் நாம் கேட்பது இதுவே. எந்த நாடு என்று கேட்குமுன், திரும்பி வருவதற்கு எந்த வீடு என்று கேளுங்கள். பாட்டன் கையில் ஒன்றும் இல்லாமற் கப்பலேறினான். அதனால் அவன் போனதோடு அவன் வழக்கும் போயிற்று. நீங்களும் அவ்வாறே போனால், நாளை உங்கள் லயம் இடிக்கப்படும்போது ‘அவர்கள் விரும்பிப் போனார்கள்’ என்ற அதே சொல் ஆயத்தமாய் இருக்கும்.

அரசாங்கத்திடம் எமது கோரிக்கை ஒளிவுமறைவற்றது. தோட்டத்தில் வதியும் ஒவ்வொரு குடும்பத்துக்கும், வேலையிற் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வீடும் நிலமும் அறுதியாக எழுதப்பட்டுக் காணிப் பதிவகத்திற் பதியப்பட வேண்டும். அனுமதிப் பத்திரம் வேண்டாம். பயன்பாட்டுக் கடிதம் வேண்டாம். விற்கவும் ஈடுவைக்கவும் பெண்பிள்ளைக்குச் சீதனம் எழுதவும் கூடிய உறுதி வேண்டும். தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் மலையகத்தாரிடம் இரு அரசாங்கங்களும் அந்தப் பழைய கேள்வியை மீண்டும் ஒருமுறை கேட்கட்டும். இம்முறை தொகை குறிக்காமற் கேட்கட்டும். இந்தியா என்பவனுக்கு 1964இன் வாக்குப்படி இந்தியா. இலங்கை என்பவனுக்கு வீட்டோடு இலங்கை.

இடையில் எம் கையில் உள்ள வேலை சிறிது, ஆனால் அவசரமானது. காவத்தை, பெல்மதுளை, இறக்குவானைப் பகுதிகளிலிருந்து கடவுச்சீட்டு அலுவலாக என்னிடம் வருவோரிற் பலர்க்குப் பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னோர் எழுத்து. செக்ரோலில் மூன்றாவது பெயர். சேமலாப நிதிப் பணம் நான்காவது பெயரிற் கிடக்கிறது. வெளிநாடு செல்வோர் போகுமுன் இவற்றை ஒருமுகப்படுத்துங்கள். பெற்றோரின் பிரஜாவுரிமைப் பத்திரத்தின் பிரதி, லயத்து அறையின் இலக்கம், அங்கே எத்தனை வருடம் என்று கிராம உத்தியோகத்தர் தரும் அத்தாட்சி ஆகியவற்றை ஒரே கோவையிற் கட்டி வீட்டில் வையுங்கள். தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். காணி பகிரும் நாள் வரும்போது உங்கள் பெயருக்குக் கைநீட்ட ஒருவர் அங்கே இருக்கவேண்டும். தோட்டம் தோட்டமாக இக்கோவைகளைத் திரட்டும் வேலையை நாம் தொடங்கியிருக்கிறோம். பத்திரங்களை எழுதிக் கொடுப்பதற்குக் கட்டணம் அறவிடுவதில்லை.