இன்னொரு ப்ரொஜெக்டர் வேண்டாம்... ஃபோகஸ் லைட்டை அணைங்க!

கட்டடத்தின் மேலேயே படம் ஓட்டும் ப்ரொஜெக்‌ஷன் மேப்பிங்தான் இப்போ கல்ச்சுரல்ஸ் டிரெண்ட். கிருஷ்ணன்கோவில்ல உங்க கேம்பஸ் சுவரிலும் பண்ணப்போறீங்களா? ப்ரொஜெக்டரால் கறுப்பைக் காட்ட முடியாது பாஸ். சுவரில் ஏற்கெனவே இருக்கும் இருட்டுதான் கறுப்பு!

5,000 லூமென் ப்ரொஜெக்டர், 50 சதுர மீட்டர் சுவரில் 100 லக்ஸ் வெளிச்சம் தரும். பக்கத்து ஃபோகஸ் லைட்டும் அங்கே 10 லக்ஸ் சிந்தினால், வெள்ளைக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் 11 மடங்குதான். இன்னொரு ப்ரொஜெக்டர் சேர்த்தாலும் 21. சிந்துவதை 1 லக்ஸாகக் குறைச்சா? 101 மடங்கு!

சிட்னி ஓபரா ஹவுஸை ஒளிர வைக்கும் 'விவிட்' விழா நடப்பது குளிர்காலத்தில். மாலை 6 மணிக்கே நல்லா இருட்டிடும். இங்கே ஜூன்ல சூரியன் மறையவே 6.40 ஆகும். அதனால ஷோவை 7.15-க்கு வைங்க. நடைபாதை விளக்குகளை மட்டும் தரையைப் பார்த்துத் திருப்புங்க. யாரும் தடுக்கி விழக் கூடாதில்லையா?

பக்கத்துலயே ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். இருட்டு அங்கேயும் தேவைதான்!