திரைச்சீலைக்கு அந்தப் பக்கம்



இரவு ரயிலில் விளக்கை அணைத்த பிறகும் பக்கத்துப் பெர்த்தில் யாராவது பேசிக்கொண்டே வருவார்கள். அவர்கள் வீட்டுக் கதை முழுக்க நமக்குத் தெரிந்துவிடும். முகம் மட்டும் விடிந்தபிறகுதான் தெரியும். இதையே வைத்து ஒரு நாடகம் எழுதியிருக்கிறார் அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் டீன் ஹோவெல்ஸ். 1883-இல் பாஸ்டனில் நூலாக வந்த அந்தச் சின்னக் கேலி நாடகத்தின் பெயர் 'தி ஸ்லீப்பிங் கார்'.

நள்ளிரவு. பாஸ்டனை நோக்கிப் போகும் ரயில். கைக்குழந்தையோடும் அத்தை மேரியோடும் வருகிறாள் திருமதி ராபர்ட்ஸ். கலிபோர்னியாவிலிருந்து வரப்போகும் அண்ணன் வில்லிஸைப் பார்த்துப் பல வருடம் ஆகிவிட்டது. அந்தப் பூரிப்பில் அவளுக்குப் பேச்சு நிற்கவில்லை. பெட்டியில் யாருக்கும் தூக்கமில்லை. ஒரு பெர்த்திலிருந்து ஒரு கலிபோர்னியாக்காரர் குரல் கொடுக்கிறார். இவர்தான் அண்ணனோ? சந்தேகம் பிறந்துவிட்டது. வழியில் வூஸ்டரில் கணவரும் ஏறிக்கொள்ள, பாவம், அந்தக் கலிபோர்னியாக்காரரை மறுபடி மறுபடி எழுப்புகிறார்கள். அசல் வில்லிஸ் பிறகுதான் வந்து சேருகிறார்.

எனக்கு மிகவும் பிடித்தவர் அந்தக் கலிபோர்னியாக்காரர்தான். தூக்கம் போனது அவருக்கு. ஆனாலும் மனசு பெரியது.

ஹோவெல்ஸ் நம் பத்திரிகைத் தொழில்காரர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ஓஹாயோவில் அப்பாவின் அச்சகத்தில் சிறுவயதிலேயே எழுத்துக் கோத்தவர். 1871 முதல் பத்து வருடம் 'அட்லான்டிக் மந்த்லி' இதழின் ஆசிரியர். மார்க் ட்வைனின் நெருங்கிய நண்பர். நாவலாசிரியராகவே அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். நாடகங்களை அவ்வளவாக யாரும் தேடுவதில்லை. இதே ராபர்ட்ஸ் தம்பதியின் விருந்தாளிகளை லிஃப்டில் மாட்டவைத்து 'தி எலிவேட்டர்' என்றும் ஒன்று எழுதினார்.

புல்மன் படுக்கைப் பெட்டிகள் அமெரிக்காவில் பரவிய காலம் அது. முன்பின் தெரியாதவர்கள் ஒரே பெட்டியில் படுத்து உறங்க, நடுவே ஒரு திரைச்சீலைதான் சுவர். கண் மறைகிறது, காது திறந்திருக்கிறது. குழப்பமெல்லாம் அங்கேதான் முளைக்கிறது. பெரிய மேடை தேவைப்படாமல், வீட்டுக் கூடங்களிலேயே ஹோவெல்ஸின் கேலி நாடகங்களை நடித்து மகிழ்ந்தார்கள்.

இந்த விடுமுறையில் நம் வீட்டுப் பிள்ளைகளும் போட்டுப் பார்க்கலாம். ஒரு கொடிக்கயிறு, இரண்டு போர்வை, வரிசையாக நாலு நாற்காலி. ஓயாமல் பேச ஒருவர் வேண்டும். அவர் எந்த வீட்டிலும் இருப்பார்.

அன்புடன்,
ஆசிரியர்