பாட்டு எழுதியவர் கிளம்பிவிட்டார்... அடுத்து?

வீட்டில் எல்லாப் பொறுப்பையும் ஒருவரே சுமந்துகொண்டிருப்பார். திடீரென்று ஒருநாள் அவர் விலகிவிட்டால், மற்றவர்கள் கை பிசைந்து நிற்பார்கள். இங்கிலாந்தின் ‘டெபெஷ் மோட்’ இசைக்குழு 1981-ம் ஆண்டின் இறுதியில் அப்படித்தான் நின்றது.

பேசில்டன் என்ற சிறு நகரத்து இளைஞர்கள் நால்வர் சேர்ந்த குழு அது. டிரம்ஸ் அடிக்க ஆள் இல்லை. கிடாருக்கும் பெரிய வேலை இல்லை. மின் அலைகளை வளைத்து நெளித்து ஒலியாக்கும் சின்தசைசர்தான் அவர்களுக்கு எல்லாம். முதல் ஆல்பமான ‘ஸ்பீக் அண்ட் ஸ்பெல்’ வெளியானதும், பிரிட்டனின் டாப் 10-க்குள் நுழைந்தது. அதிலிருந்த 11 பாடல்களில் 9 பாடல்களை எழுதியவர் வின்ஸ் கிளார்க்.

வெற்றியின் சூடு ஆறுவதற்குள் அந்த கிளார்க் விலகிவிட்டார். புகழோடு ஒட்டிக்கொண்டு வரும் பேட்டிகள், பயணங்கள் எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. மிச்சமிருந்த மூவருக்கும் வயது 20-ஐ ஒட்டித்தான். ‘இத்தோடு இந்தக் குழு முடிந்தது’ என்று நினைத்தவர்கள் பலர்.

அப்போது பேனாவைக் கையில் எடுத்தார் மார்ட்டின் கோர். கொஞ்ச நாள் முன்புவரை வங்கியில் வேலை பார்த்தவர், கூச்ச சுபாவி. பதின்வயதில் எழுதி வைத்திருந்த ‘சீ யூ’ பாடலை முதலில் வெளியிட்டார்கள். 1982-ல் அது பிரிட்டன் பட்டியலில் 6-ம் இடம் பிடித்தது. கிளார்க் எழுதிய எந்தப் பாடலும் இந்தக் குழுவுக்கு அவ்வளவு உயரம் தந்ததில்லை!

மேடைக் கச்சேரிகளுக்காக ஆலன் வைல்டர் என்ற கீபோர்டு கலைஞரைச் சேர்த்தார்கள். ஆனால் ஆல்பத்தில் அவரைச் சேர்க்கவில்லை. ‘நாங்கள் மூன்று பேரே போதும்’ என்று நிரூபிக்கும் வீம்பு! தயாரிப்பாளர் டேனியல் மில்லரின் துணையோடு, லண்டனில் ஒரு பழைய தேவாலயத்துக்குள் இயங்கிய பிளாக்விங் ஸ்டூடியோவில் வேலை நடந்தது. 1982 செப்டம்பரில் வந்தது இரண்டாவது ஆல்பம், ‘ஏ புரோக்கன் ஃபிரேம்’. பத்துப் பாடல்களும் கோர் எழுதியவை. பட்டியலில் 8-ம் இடம்.

குறையில்லாத ஆல்பமா? இல்லை. ஒரு பாட்டு துள்ளும். அடுத்தது இருண்டு கனக்கும். தனக்கென ஒரு குரலை ஒருவர் தேடித் தடுமாறுவது அதில் அப்படியே கேட்கும். பின்னாளில் கோருக்கே அந்த ஆல்பம் அத்தனை திருப்தி தரவில்லை. ஆனால் ‘லீவ் இன் சைலன்ஸ்’ பாடலின் கனத்த, இருண்ட ஒலியில்தான் நாளைய டெபெஷ் மோட் ஒளிந்திருந்தது.

அட்டைப்படத்தையும் சொல்ல வேண்டும். மேகம் சூழ்ந்த வானம், கதிர் அறுக்கும் ஒரு பெண். ஓவியமோ என்று தோன்றும். ஆனால் பிரையன் கிரிஃபின் எடுத்த புகைப்படம் அது. உலகின் சிறந்த புகைப்படங்களைத் தொகுத்து ‘லைஃப்’ பத்திரிகை வெளியிட்ட இதழின் அட்டையிலும் இடம்பெற்றது.

விலகிய கிளார்க்கும் சோடை போகவில்லை. ‘யாசூ’, ‘இரேஷர்’ என்று அடுத்தடுத்து வெற்றி கண்டார். 2012-ல் அவரும் கோரும் மீண்டும் சேர்ந்து ஓர் ஆல்பம் செய்தார்கள். அதில் பாட்டு வரிகளே கிடையாது. முழுக்க முழுக்க சின்தசைசர் மட்டும்தான்!